பழைய 3டி டிவிக்குப் புது பேக்லைட்

பழைய இரும்பு, பழைய பேப்பர் எடுக்கும் கடையில் அது சுவரோரம் சாய்ந்து கிடந்தது. 42 இஞ்ச், 2014 மாடல். கீழ் ஓரத்தில் ‘3டி’ என்ற ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. கடைக்காரர், “சவுண்டு வருது சார், படம்தான் வரல. எடுத்துக்கிறீங்கன்னா ரெண்டாயிரம் குடுங்க” என்றார். பிளக்கைச் சொருகி ஆன் செய்தேன். ஒரு நொடி திரை வெளிச்சமாகி அணைந்தது. சத்தம் மட்டும் ஓடியது. செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். மங்கலாக, சாம்பல் நிறத்தில், மெனு எழுத்துகள் அசைந்தன. படம் இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கு முடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

இந்த ஸ்டிக்கருக்காகத்தான் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2009 டிசம்பரில் ‘அவதார்’ வந்த சூட்டில், 2010 முதல் எல்லா டிவி கம்பெனியும் வீட்டுக்குள் 3டி என்று கிளம்பின. அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் அந்த ஆண்டு ஜூனில் உலகக் கோப்பைக் கால்பந்தோடு ஒரு 3டி சேனலையே தொடங்கியது, 2013-ல் மூடிவிட்டது. சாம்சங் 2016-லும், எல்ஜியும் சோனியும் 2017-லும் 3டியைக் கைவிட்டன. ஏழு வருஷத்தில் பிறந்து வளர்ந்து போய்ச் சேர்ந்த சாதனம். அப்போது வாங்க எனக்குக் காசில்லை. இப்போது குப்பை விலைக்குக் கிடைக்கும்போது, அப்படி என்னதான் வாக்குக் கொடுத்தார்கள், எதனால் அது நிற்கவில்லை என்று கையால் தொட்டுப் பார்க்க ஆசை.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் முதலில் கேட்டேன். “பேக்லைட் பிரிச்சு மாட்றது பேஜாரு சார். என்கிட்ட இதே சைஸ் பேனல் ஒண்ணு கெடக்கு, மாத்தி விட்டுடறேன்” என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். ஆனால் இந்த வகை டிவியில் 3டி இருப்பது போர்டில் இல்லை, பேனலின், அதாவது படம் தெரியும் திரையின், முகத்தில். கண்ணாடிக்கு மேல் ஒரு மெல்லிய ஃபிலிம் ஒட்டியிருக்கும். படத்தின் 1,080 வரிகளில் ஒற்றைப்படை வரிகளின் ஒளியை ஒரு பக்கமாகவும், இரட்டைப்படை வரிகளின் ஒளியை எதிர்ப்பக்கமாகவும் அது சுழற்றி அனுப்பும். நாம் போடும் கண்ணாடியின் இடது வில்லை ஒரு சுழலை மட்டும் விடும், வலது வில்லை மற்றதை. சாதாரண பேனலை மாட்டினால் ரிமோட்டில் 3டி பட்டன் இருக்கும், மெனு வரும், எல்லாம் வரும், 3டி மட்டும் வராது. இப்படிப் பேனல் மாற்றப்பட்ட செட்டை வாங்கி ஏமாந்தவர்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பழைய 3டி டிவி வாங்கப் போகிறவர்கள் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

பிரிக்கிற வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விட்டாலும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரை நம்பக் கூடாது. 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் வைத்து, பிறகு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்தான் கை வைத்தேன்.

மெத்தை மேல் சலவை செய்த வேட்டியை விரித்து, டிவியை முகம் குப்புறப் படுக்க வைத்துப் பின்மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில், எந்த இடத்து ஸ்க்ரூ எந்தக் குழி என்று எழுதிப் போட்டேன். நீளமான ஸ்க்ரூவைத் தப்பான ஓட்டையில் முறுக்கினால் முன்பக்கம் பேனலைக் குத்தும். திரைக்குப் படத்தைப் பிரித்து அனுப்பும் டி-கான் போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் பட்டை ஒயர்களை எடுத்துவிட்டு, டிவியை நிமிர்த்தி, சுற்றுச் சட்டத்தைக் கழற்றினால் பேனல் தனியாக நிற்கிறது.

பயம் அங்கேதான். பேனலின் கீழ் விளிம்பில் பலகைகளோடு சேர்க்கும் பழுப்பு நிற ஃபிலிம் துண்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒன்று கிழிந்தாலும் திரையில் அந்தப் பகுதி முழுக்க நிரந்தரக் கோடு. ஒட்டவும் முடியாது. பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். “அண்ணா, மூச்சு விடலாமா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தான். கண்ணாடி தூக்கும் ரப்பர் கப் இரண்டை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் தூக்கி, கட்டிலுக்கு மாற்றினோம். ஃபேனை நிறுத்திவிட்டு, அதற்கு முன்பே தரையை ஈரத் துணியால் துடைத்திருந்தேன். பேனலுக்குள் ஒரு தூசி புகுந்தால் வெள்ளைக் காட்சியில் எறும்பு மாதிரி தெரியும். ஜூன் மாதத் தாம்பரம், ஃபேன் இல்லாத அறை. வியர்வைச் சொட்டு விழாமல் இருக்கத் தலையில் துண்டு.

பேனலுக்குக் கீழே மெல்லிய தாள்கள் மூன்று, அடியில் தடித்த பால் நிறப் பலகை ஒன்று. வரிசை மாறக் கூடாது, பக்கமும் மாறக் கூடாது. ஓரத்தில் பென்சிலால் எண் போட்டேன். அதையும் எடுத்தால் வெள்ளைத் தாள் விரித்த தொட்டி. அதில் எல்இடி பல்புகள் பதித்த எட்டுப் பட்டைகள், ‘ஏ’ ஒன்று ‘பி’ ஒன்று என்று நான்கு ஜோடி. ஒவ்வொரு பல்பின் தலையிலும் பட்டன் காளான் போல ஒரு லென்ஸ். எல்இடி டெஸ்டரின் முனைகளை வைத்துப் பட்டை பட்டையாகப் பார்த்தேன். ஆறு எரிந்தன. இரண்டு எரியவில்லை. எரியாத பட்டைகளில் பல்பு பல்பாக முனையை வைத்தபோது, ஆளுக்கு ஒரே ஒரு பல்புதான் செத்திருந்தது. லென்ஸைத் தள்ளிப் பார்த்தால் மஞ்சள் பரப்பின் நடுவே கடுகு அளவு கருப்புப் புள்ளி. எல்லாம் தொடராகக் கட்டப்பட்டவை, சீரியல் செட் கதைதான்: ஒன்று போனால் சுற்று அறுந்துவிடும், பாதுகாப்புச் சர்க்யூட் மொத்தத்தையும் அணைத்துவிடும்.

இரண்டு பல்பை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் மீதிப் பல்புகளும் அதே வயசு. இன்னொரு தடவை இந்தப் பேனலைத் தூக்க எனக்குத் தெம்பில்லை என்று நினைத்து முழு செட்டும் வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போனேன். (தூக்க வேண்டி வந்தது. கொஞ்சம் பொறுங்கள்.) பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பறக்கும் ரயில் மாறி, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடை. பழைய பட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோனது புத்திசாலித்தனம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பட்டைகளில் பல்புக்கு 3 வோல்ட் ஒரு வகை, 6 வோல்ட் இன்னொரு வகை. என்னுடையது 6. கடைப் பையன் முதலில் 3 வோல்ட் செட்டைத்தான் நீட்டினான். “அண்ணே, டெஸ்டர்ல வெச்சுக் காட்டுங்க” என்றதும் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்கள். பேரம் பேசி எட்டும் சேர்த்து 850 ரூபாய்.

ஒட்டி, ஒயர் சொருகி, பேனல் வைக்காமல் தொட்டியை மட்டும் எரிய விட்டேன். கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். எல்லாவற்றையும் திரும்ப மூடி ஆன் செய்தால், படம் அருமை, வலது மேல் மூலையில் மட்டும் நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம். மூடும்போது ஒரு லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. லென்ஸ்தான் பல்பின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பரப்புவது. அது இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் நேராக அடிக்கும். மறுபடி தம்பி, மறுபடி ரப்பர் கப், மறுபடி மூச்சடக்கல். அவசரத்தில் ஃபெவிகுவிக் வைத்து ஒட்டினேன். பத்து நிமிஷத்தில் லென்ஸின் உட்புறம் பனி படர்ந்தது போல வெளுத்துவிட்டது. அந்தப் பசையின் ஆவி வேலை அது. பழைய பட்டையிலிருந்து ஒரு லென்ஸைப் பெயர்த்து, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியை மூன்று கால்களிலும் ஊசி முனையால் வைத்து, ஒரு ராத்திரி காயவிட்டேன். அதோடு மற்ற லென்ஸ்களையும் நகத்தால் ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தேன். முதல் தடவையே செய்திருக்க வேண்டியது.

டிவி எரிந்தது. இனிக் கண்ணாடி.

மேஜை டிராயரில் மூன்று கிடந்தன. சிவப்பு-நீல அட்டைக் கண்ணாடி ஒன்று. அதற்கு இங்கே வேலையில்லை. மற்ற இரண்டும் கருப்புப் பிளாஸ்டிக். ஒன்று தியேட்டரில் காசு கொடுத்து வாங்கியது, இன்னொன்று ஏதோ பொருட்காட்சியில் வந்தது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பிரித்தறிய முகம் பார்க்கும் கண்ணாடி போதும். போட்டுக்கொண்டு அதன் எதிரே நின்று ஒரு கண்ணை மூடுங்கள். சுழல் வகை என்றால், திறந்திருக்கும் கண்ணின் வில்லை தார் பூசியது போலக் கருப்பாகவும், மூடிய கண் தெளிவாகவும் தெரியும். பிரதிபலிக்கும்போது ஒளியின் சுழல் திசை மாறிவிடுவதால், புறப்பட்ட வில்லைக்குள்ளேயே அது திரும்ப நுழைய முடியாது. நேர்க்கோட்டு வகை (ஒரே கோட்டில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) என்றால் தலைகீழ்: திறந்த கண் தெரியும், மூடிய கண் கருப்பு. தியேட்டர் கண்ணாடி சுழல் வகை, டிவிக்குப் பொருந்தியது. பொருட்காட்சிக் கண்ணாடி நேர்க்கோடு. அதைப் போட்டால் இரண்டு கண்ணிலும் இரண்டு படமும் கலந்து தெரிந்தது.

இந்த வகையின் பெரிய சௌகரியம் இதுதான், கண்ணாடியில் பேட்டரி கிடையாது. நண்பர் வீட்டில் இருந்தது மற்ற வகை. அதில் டிவி இடது படம், வலது படம் என்று மாற்றி மாற்றிக் காட்டும். கண்ணாடிக்குள் இருக்கும் திரை அதற்கேற்ப ஒவ்வொரு கண்ணாக மூடித் திறக்கும். படத்தின் முழு 1,080 வரியும் கண்ணுக்கு வரும் என்பது உண்மை. ஆனால் டியூப் லைட்டைப் போட்டால் அறையே துடிக்கும், சின்ன வட்டப் பேட்டரி எப்போதும் தீர்ந்திருக்கும். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு செட்டோடு இரண்டு கண்ணாடி கொடுத்து, கூடுதல் கண்ணாடிக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். வீட்டில் டிவி பார்ப்பது கூட்டமாக உட்கார்ந்து செய்கிற காரியம் என்று அதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும்.

என் டிவியின் வில்லங்கம் வேறு. முதல் நாள் அதைப் பழைய டிவி இருந்த ஆணியிலேயே, ஷோகேஸுக்கு மேல் உயரமாக மாட்டியிருந்தேன். சோபாவில் உட்கார்ந்த எனக்கு ஓரளவு சரியாக இருந்தது. வழக்கம்போலத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்த அம்மா, “எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடா” என்றார். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான். பிறகு நானே தரையில் உட்கார்ந்தேன். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிக்சல் வரிசைக்கும் மேலே ஒட்டிய ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் தடிமன் இருக்கிறது. ஒரு வரியின் உயரமோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நேராகப் பார்த்தால் இடது வரிக்கு நேரே இடது பட்டை. கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் இடது வரியின் ஒளி பக்கத்து வலது பட்டை வழியாகக் கசியும். பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் பாதகமில்லை, மேல்கீழ் கோணம்தான் ஆகாது. டிவியை இறக்கி, பழைய தையல் மெஷின் ஸ்டாண்டு மேல் வைத்து, பின்னால் ஒரு மரக்கட்டையைச் சொருகித் தரையைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்தேன். அம்மாவுக்குச் சரியானது. சோபாக்காரர்கள் தரைக்கு இறங்கினார்கள்.

கண்ணாடி போட்டபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரை மீட்டர் தூரத்தில் நின்றால், ரூல் போட்ட நோட்டு மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று கருப்புக் கோடு தெரியும். ஒரு கண்ணுக்கு 540 வரிதான் என்பதைக் கண்ணாலேயே எண்ணலாம். எட்டடி தள்ளிப் போனால் மறைந்துவிடுகிறது. வெளிச்சமும் பாதியாகிறது. புதுப் பல்பு நீடிக்க வேண்டும் என்று பேக்லைட்டை 50-க்குக் குறைத்திருந்தேன். 3டியில் அந்தி நேரம் மாதிரி இருந்தது. 80-க்கு ஏற்றினால்தான் பார்க்க முடிகிறது. இந்த மாடல்கள் பேக்லைட் போய்க் கடைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

படங்கள் பெரும்பாலும் ஒரே சட்டத்துக்குள் இடது, வலது பிம்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நசுக்கி வைத்த கோப்புகளாகவே கிடைக்கின்றன. அப்போது ஒரு கண்ணுக்கு அகலத்தில் 960 பிக்சல்தான். அதன்மேல் இந்த டிவி உயரத்தையும் பாதியாக்குகிறது. இரு பக்கமும் நஷ்டம். அதே படம் மேல்கீழாக அடுக்கிய கோப்பாக இருந்தால் அகலம் 1,920 முழுதாக இருக்கும். உயரம் எப்படியும் பாதியாகப் போகிறதுதான். ஆகவே நானே எடுக்கும் எதையும் மேல்கீழாகவே வைக்கிறேன். எழுத்து ஓரங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

தியேட்டருக்காக எடுத்த ஒரு 3டி படத்தைப் போட்டுப் பார்த்தோம். அம்மாவுடன் என் மாமாவும் இருந்தார். 1984-ல் வந்த இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தானை’த் தியேட்டரில் பார்த்து, நீட்டிய ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கை நீட்டியவர். பத்து நிமிஷத்தில், “என்னப்பா, அட்டைப் பெட்டிக்குள்ள பொம்மை வெச்ச மாதிரி இருக்கு” என்று எழுந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ராத்திரி காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

நம் இரு கண்களுக்கு இடையே சுமார் 6.3 செ.மீ. வெகுதூர மலை ஒன்றைக் காட்ட வேண்டுமானால் இடது, வலது பிம்பங்கள் திரையில் அதே 6.3 செ.மீ. விலகி நிற்க வேண்டும். அப்போதுதான் கண்கள் இணையாகப் பார்க்கும். அதைவிட விலகினால் கண்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், தலைவலிதான். பத்து மீட்டர் அகலத் தியேட்டர் திரையில் இது நூற்றில் 0.63 பங்கு. அதே படத்தை 93 செ.மீ. அகலமுள்ள என் டிவியில் போட்டால் அந்த விலகல் 6 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இரண்டரை மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது, அந்த மலை திரைக்குப் பின்னால் 26 செ.மீ. தள்ளி நிற்கும். ஒரு சாணுக்குச் சற்று மேல்! தியேட்டரில் அடிவானம், வீட்டில் அலமாரித் தட்டின் ஆழம். மாமா சொன்ன அட்டைப் பெட்டி இதுதான். கண்ணாடி போடச் சோம்பல், படங்கள் குறைவு, விலை அதிகம் என்று வீட்டு 3டியின் சாவுக்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள், எல்லாம் சரிதான். ஆனால் பெரிய திரைக்கு அளந்து தைத்த சட்டையைச் சின்னத் திரைக்குப் போட்டுவிட்டு, அதைத்தான் வீட்டுத் தியேட்டர் என்று விற்றார்கள் என்பதே என் கட்சி.

அப்படியானால் இந்தத் திரைக்கென்றே எடுத்தால்? ஸ்டூல் மேல் ஒரு அடி ஸ்கேலை டேப் போட்டு ஒட்டி, செல்போனை ஒரு மரத்துண்டில் நிறுத்தி, ஸ்கேலோரமாக நகர்த்தி இரண்டு படம் எடுத்தேன். முதல் முயற்சியில் ஆசைப்பட்டு 20 செ.மீ. நகர்த்தினேன், ஒரு மீட்டரில் துளசி மாடம். டிவியில் போட்டதும் கண்ணைப் பிடுங்கியது. மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்குதான் நகர்த்த வேண்டும் என்பது ஸ்டீரியோ படம் எடுப்பவர்களின் பழைய வாய்ப்பாடு. இரண்டு மீட்டர் என்றால் சுமார் ஆறரை செ.மீ. இரண்டாவது படத்தில் போன் ஒரு நூல் சாய்ந்தாலும் மேல்கீழாகப் பிசகி, பார்க்கிறவர் காரணம் தெரியாமலே நெற்றியைத் தேய்ப்பார். ‘ஸ்டீரியோ போட்டோ மேக்கர்’ என்ற இலவச மென்பொருள் அந்தப் பிசகை நேராக்கி, மேல்கீழாக அடுக்கியும் தருகிறது. இரண்டு படத்துக்கும் நடுவில் காற்றில் ஆடிய இலைகள் மட்டும் டிவியில் மினுமினுக்கும். அதற்கு மருந்து காற்றில்லாத விடியற்காலைதான்.

அப்படி ஒரு விடியற்காலையில், கொல்லைப்புறத்தில் அம்மா பூ தொடுத்துக்கொண்டிருக்கும்போது எடுத்தேன். “அசையாதீங்கம்மா” என்று சொன்னதில் நாரைப் பிடித்த கை அப்படியே நின்றது. கணக்குப்படி இந்தப் படத்தில் கொல்லையின் கடைசி வேலி திரைக்குப் பின்னால் ஒன்றே கால் மீட்டர் போக வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு யுஎஸ்பியைச் சொருகி, 3டி பட்டனை அழுத்தி, மேல்கீழ் வகையைத் தேர்ந்தெடுத்தேன். சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது. முறத்தின் விளிம்பு, மல்லிகைக் குவியல், அம்மாவின் முழங்கை, பின்னால் கிணற்றுச் சுவர், அதற்கும் பின்னால் முருங்கை, கடைசியில் வேலி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையை விடலாம் போல இடம் இருந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றவில்லை. அம்மா பாயில் உட்கார்ந்தபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையை நோக்கி விரலை நீட்டி, “கிணத்துக்குப் பின்னாடி அந்த ஒடைஞ்ச வாளி கெடக்குது பாரு. எடுத்துப் போட்டுட்டுப் படம் புடிக்கிறதுக்கென்ன?” என்றார். செல்போனில் அந்தப் படத்தை நான் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். வாளியைக் கண்டதே இல்லை.